எதிர்ப்பு ரகத்துக்கும் குலை நோய் வருமா?

கேள்வி: குலை நோய் வராத ரகம் என்று சொல்லித்தான் நெல் விதை கொடுத்தார்கள். மார்கழிப் பனியில் பாதி வயல் கழுத்து ஒடிந்து பதராகிவிட்டது. இதையெல்லாம் நிஜமாகவே சோதித்துத்தான் சொல்கிறார்களா?
(மன்னார்குடிப் பக்கத்து வாசகர்)

பதில்: சோதிக்கிறார்கள், அதுவும் கொஞ்சம் ஈவிரக்கமில்லாமல். நோய் வரக் கூடாது என்று நாம் எதையெல்லாம் தவிர்ப்போமோ அதையெல்லாம் வேண்டுமென்றே செய்வார்கள். மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக விதைத்து, யூரியாவைத் தாராளமாகப் போட்டு, ரகத்துக்கு ஒரு வரிசை என்று விட்டு, சுற்றிலும் நடுநடுவிலும் சட்டென்று நோயில் விழுகிற ரகம் ஒன்றை விதைப்பார்கள். அப்புறம் நோய் கண்ட இலைகளை நறுக்கித் தூவுவார்கள், இல்லையென்றால் பூஞ்சண வித்துகளைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பார்கள், ராத்திரி ஈரம் காயாமலிருக்க பாலிதீன் போர்த்துவதும் உண்டு.

விழுவதற்கென்றே விதைக்கும் ரகங்களில் பேர்போனது நம் கோயம்புத்தூர் கோ 39. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வரை போன ரகம், தோற்றே பேர் வாங்கியது! அது கருகினால்தான் சோதனை செல்லும். அது பச்சையாக நின்றால் பக்கத்து வரிசை சுத்தமாக இருப்பதில் அர்த்தமே இல்லை, பூஞ்சணம் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் பொருள்.

விதைத்து ஒரு மாதம் போல ஆனதும் 0 முதல் 9 வரை மதிப்பெண். இங்கே முட்டை வாங்கினால்தான் முதல் ராங்க். குண்டூசி முனை மாதிரி பழுப்புப் புள்ளிக்கு 1, முழுசாகக் கண் வடிவப் புள்ளி வந்துவிட்டாலே 4, இலைப்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் போனால் 9.

சரி, உங்களுக்கு ஏன் வந்தது? நான் சொன்ன மதிப்பெண் நாற்றின் இலைக்கு. கதிர்க் கழுத்தில் வருவதைத் தனியாகப் பார்க்க வேண்டும், இலையில் தப்பிய ரகம் கழுத்தில் மாட்டிக்கொள்வது உண்டு. அது போக, இந்தப் பூஞ்சணத்தில் பல இனங்கள். ஓர் ஊர் இனத்தைத் தடுக்கிற ரகம் இன்னோர் ஊர் இனத்திடம் தோற்கும், புது இனம் கிளம்பினால் சொந்த ஊரிலேயே தோற்கும். அதனால்தான் ஒரே ரகத்தை நீலகிரி கூடலூர், குடகு பொன்னம்பேட்டை மாதிரி நோய் தவறாமல் வருகிற இடங்களில் வருஷக்கணக்காகப் போட்டுப் பார்க்கிறார்கள்.

விதை கொடுத்தவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன், பாதியை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை, எந்த ஊரில் சோதித்தது, இலைக்கா கழுத்துக்கா என்று கேளுங்கள். அப்புறம், கடைசியாக யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே?