35 லட்சத்தை ஏஜென்டிடம் கட்டும் முன்

ஆத்தூர் பக்கத்திலிருந்து ஓர் அப்பா பேசினார். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறார். மகள் இரண்டாவது முறை நீட் எழுதியும் மதிப்பெண் போதவில்லை. "நிலத்தை வித்தாவது வெளிநாட்டுல டாக்டருக்குச் சேர்த்துடுங்க மாமா"ன்னு மச்சான் நச்சரிக்கிறார், ஏஜென்ட் 35 லட்சம் சொல்றார், ராத்திரி தூக்கமே வரலைங்க என்றார்.

ஐயா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்தவர் இங்கே வைத்தியம் பார்க்க எஃப்எம்ஜிஇ தேர்வில் தேற வேண்டும். 2024 ஜூனில் எழுதியவர்களில் தேறியவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். தேறாவிட்டால் கடனை மச்சானா கட்டுவார்? அதைவிட முக்கியம், உங்கள் மகளிடம் தனியாகப் பேசினேன். மருத்துவம் பற்றிக் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில். ஆலையில் மாவை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்டதும் மடமடவெனப் பேசினாள். ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னையே கேட்டாள்.

அந்தக் கேள்விக்குள் ஒரு தொழிலே இருக்கிறது. நர்சிங், பார்மசி பற்றியெல்லாம் சொல்ல நூறு பேர் இருப்பார்கள். நான் சொல்வது, உணவுச் சரக்கில் மரபணு மாற்றிய பயிர் கலந்திருக்கிறதா என்று சோதித்து ஆதாரம் தயார் செய்யும் வேலை.

உணவுச் சேர்மானப் பொருள் வாங்கும் கம்பெனிகள் பல, 'மரபணு மாற்றம் இல்லாதது' என்று நிரூபிக்கச் சொல்கின்றன. அமெரிக்காவில் மக்காச்சோளம், சோயா இரண்டிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மரபணு மாற்றியவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சேர்மானத்தில் அது 0.9 சதவீதத்தைத் தாண்டினால் லேபிளில் போட்டாக வேண்டும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயும் 24 உணவுப் பயிர்களை இறக்குமதி செய்ய 2021 மார்ச் முதல் 'மரபணு மாற்றம் இல்லை' என்ற சான்றிதழ் கேட்கிறது. நம் விவசாயி பயிரிட்டு வரும் அனுமதி பெற்ற மரபணு மாற்றப் பயிரோ பருத்தி ஒன்றுதான். அதனால் நம் மரவள்ளி ஸ்டார்ச்சும் சோயாவும் இந்தச் சந்தைக்குத் தோதான சரக்கு. மரபணு மாற்றிய உணவு நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். கேட்கிறவருக்குக் காட்ட ஆதாரம் வேண்டும், அதைத் தயார் செய்ய ஆள் வேண்டும்.

சோயா லோடு வந்ததும் பல மூட்டைகளில் குத்தூசி போட்டுச் சாம்பிள் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, அரைத்து, டிஎன்ஏவைப் பிரித்து, டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் கருவியில் 35எஸ் என்ற டிஎன்ஏ துண்டு தென்படுகிறதா என்று தேட வேண்டும். பல மரபணு மாற்றப் பயிர்களில் அந்தத் துண்டு உண்டு. அது காலிஃபிளவர், கோஸ் இனத்தைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே அந்த வைரஸ் தொற்றிய கோஸ் இலை கலந்திருந்தாலும் கருவி 'இருக்கிறது' என்றே காட்டலாம். இதைப் பிரித்தறியத் தெரிந்தவர்தான் தேர்ந்த ஆள். சுத்திகரித்த எண்ணெயில் டிஎன்ஏ அநேகமாக மிஞ்சாது, கருவியால் பயனில்லை. அங்கே ஏட்டை நம்பித்தான் ஆக வேண்டும்: விதை எது, லாரியில் அதற்கு முன் ஏற்றிய சரக்கு எது, குடோனைக் கழுவினார்களா, யார் கையெழுத்து. கணக்கெழுதும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இது கைவராதா?

அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியல் அல்லது நுண்ணுயிரியல் போதும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். பிறகு எம்.எஸ்சி. முடித்து, உணவுப் பகுப்பாய்வில் மூன்றாண்டு அனுபவம் பெற்றால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் உணவுப் பகுப்பாய்வாளர் தேர்வை எழுதலாம். ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஆசை காட்ட மாட்டேன். ஆனால் தலைமேல் கடன் இருக்காது.

தனியார் கல்லூரி எதிலாவது நன்கொடை கேட்டால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். எந்தக் கல்லூரியானாலும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் லேபைப் பாருங்கள். பிசிஆர் கருவியை மாணவர்களே இயக்குகிறார்களா என்று அவளே கேட்கட்டும். உறை போட்டுப் பூட்டி வைத்திருந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.