புல்லுக்குள் ஒரு முரட்டுப் புல்

கேள்வி: தோட்டத்துப் புல்தரையில் முரட்டுப் புல் ஒன்று திட்டுத் திட்டாக வளர்கிறது. வெட்டிய மூன்றாம் நாளே தனியாக உயர்ந்து நிற்கிறது. களைக்கொல்லி அடித்தேன். அகல இலைக் களைகள் செத்தன, இது அசையவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: அசையாதுதான். நீங்கள் அடித்தது 2,4-டி போன்ற மருந்தாக இருக்கும். அகல இலைச் செடியைக் கொன்றுவிட்டுப் புல்லை விட்டுவைப்பதுதான் அதன் வேலை. நீங்கள் ஆசையாக வளர்ப்பதும் அதற்குப் புல்தான், இந்த முரடும் புல்தான்.

முதலில் ஒரு தண்டைக் கிள்ளி விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அது புல்லே இல்லை, கோரை. இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும்; கிழங்கு மண்ணில் தங்கி மறுபடி முளைக்கும். அதற்கு வேறு வைத்தியம், தனியாகக் கேளுங்கள்.

குத்தாக நிற்கிற புல் என்றால் கவலை வேண்டாம். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, குத்துக்கு நான்கு விரல் தள்ளிச் சுற்றிலும் மண்வெட்டியை நேராக இறக்கி, அரைச் சாண் ஆழத்துக்குக் கட்டியாகப் பெயர்த்துவிடுங்கள். பூக்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

படர்கிற வகைதான் தொல்லை. மண்ணுக்கடியில் வெள்ளைக் கயிறு மாதிரி தண்டு கணுக்கணுவாக ஓடும். ஒரு கணு மிஞ்சினாலும் போச்சு. அதனால் தோண்டிய மண்ணைக் கையால் உதிர்த்து, துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிதான். சில இடங்களில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். அது எந்தப் புல்லையும் விடாது. எனவே தெளிக்காமல், கையுறை போட்டு, பிரஷ்ஷால் அந்த இலையில் மட்டும் தடவுங்கள். ஒருமுறை காற்றடிக்கும்போது தெளித்துவிட்டு, ஆள் படுத்த அளவுக்கு மஞ்சள் தடத்தைப் பல வாரம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இலை நிறைய இருந்தால்தான் மருந்து வேர்வரை இறங்கும். அதனால் சில நாள் முன்பிருந்தே வெட்டாதீர்கள். காய ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

அப்புறம் அந்தக் குழி. சும்மா விட்டால் அடுத்த களை வந்து குடியேறும். மண் நிரப்பி மிதித்து, கண்ணில் படாத மூலையிலிருந்து ஒரு துண்டு நல்ல புல்லை வெட்டிப் பதியுங்கள். மண் தணியும் என்பதால் விரலளவு மேடாகவே இருக்கட்டும். பெயர்த்த புல்லை உரக்குழியில் போட்டுவிடாதீர்கள், அங்கேயும் வேர் பிடித்துவிடும்.