இரண்டு கையேடுகள், இரண்டு தேதிகள்: எதை நம்புவது?

கேள்வி: பழைய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களின் டிவிடிகளைச் சேர்த்து வருகிறேன். எபிசோட் வாரியாக முதல் ஒளிபரப்பு நாள், எழுத்தாளர், நடிகர்கள் என்று ஒரு பட்டியலும் தயாரிக்கிறேன். என்னிடம் உள்ள இரண்டு கையேடுகள் பல இடங்களில் முரண்படுகின்றன. இணையத்தில் பார்த்தால் மூன்று தளங்கள் ஒரு கையேட்டின் பக்கம் நிற்கின்றன. பெரும்பான்மை சொல்வதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அந்த மூன்று தளங்களும் அதே கையேட்டைப் பார்த்து எழுதியிருந்தால் உங்களிடம் இருப்பது நான்கு சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சிதான். இந்தத் துறையில் பிழைகள் அப்படித்தான் பரவுகின்றன. அதற்கு நீதிமன்றம் வரை போன உதாரணமே உண்டு. 'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொடரில் துப்பறியும் கொலம்போவின் முதல் பெயர் 'பிலிப்' என்று ஃப்ரெட் வொர்த் தன் பொது அறிவுக் களஞ்சியத்தில் எழுதினார். யாராவது காப்பியடித்தால் பிடிப்பதற்காக வேண்டுமென்றே வைத்த பொய் அது. 'ட்ரிவியல் பர்சூட்' விளையாட்டின் கேள்விகளில் அதே பிலிப் வந்து நின்றார். 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார் வொர்த். தகவல்களுக்குக் காப்புரிமை கிடையாது என்று தோற்றுப்போனார். சரி, உண்மைப் பெயர்? 1971-ல் வந்த ஓர் எபிசோடில் கொலம்போ நீட்டும் அடையாள அட்டையில் படத்தை நிறுத்திப் பாருங்கள்: ஃப்ராங்க். வசனத்தில் எங்கும் வராததால் காதால் மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாமல் போனது.

ஆனால் எல்லா முரண்பாடும் பிழை அல்ல. பல நேரம் இரண்டு கையேடுகளும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் எத்தனை எபிசோட்? 79 என்பவரும் சரி, 80 என்பவரும் சரி. தொடரை எடுக்கலாமா என்று பார்க்க மாதிரியாக எடுத்து, சேனல் நிராகரித்த முதல் முன்னோட்டப் படம் (பைலட்) முழுதாக ஒளிபரப்பானது 1988-ல்தான். அதைச் சேர்த்தால் 80. 1965-லேயே எடுத்த இரண்டாவது முன்னோட்டமோ 1966 செப்டம்பர் 22 அன்று மூன்றாவதாகத்தான் ஒளிபரப்பானது. தயாரிப்பு வரிசையில் எழுதியவருக்கும் ஒளிபரப்பு வரிசையில் எழுதியவருக்கும் எண்கள் ஒத்துப்போகவே போகாது. தொடர் தொடங்கிய நாள் அமெரிக்காவில் செப்டம்பர் 8, கனடாவில் அதற்கு இரண்டு நாள் முன்பு. கையேட்டின் முன்னுரையில் எந்த நாடு, எந்த வரிசை என்று சொல்லியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சொல்லாத கையேட்டை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் புரட்டுவேன்.

தேதிகளுக்கு அந்தக் கால நிகழ்ச்சி நிரல் இதழ்கள் நல்ல ஆதாரம். பிபிசி வெளியிட்டுவந்த 'ரேடியோ டைம்ஸ்' இதழின் பழைய நிரல்கள் இணையத்தில் தேடும்படியே இருக்கின்றன. ஒன்றை மறக்காதீர்கள்: அச்சான நிரல் திட்டம் மட்டுமே. கடைசி நேரத்தில் விளையாட்டுப் போட்டி நீண்டாலும் வேலைநிறுத்தம் வந்தாலும் நிரல் மாறியிருக்காது, ஒளிபரப்பு மாறியிருக்கும். உண்மையில் என்ன ஓடியது என்று நிலையங்களே எழுதிவைத்த பதிவுகள் தனி. பிபிசியுடையவை அதன் காவர்ஷம் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய 'டாக்டர் ஹூ', முந்தைய நாள் நடந்த கென்னடி கொலைச் செய்தியால் பத்து நிமிடம் தாமதமானதாக வெகுகாலம் எழுதிவந்தார்கள். உண்மையான தாமதம் 80 விநாடி. மறு வாரம் இரண்டாம் எபிசோடுக்கு முன்னால் முதலாவதை மறுபடி போட்டார்கள், அது இன்னொரு தேதிக் குழப்பம்.

பெயர்களுக்குத் திரையில் ஓடும் டைட்டிலைப் பாருங்கள். மறுஒளிபரப்புப் பிரதிகளில் விளம்பரத்துக்காகக் காட்சிகளையும் சில நேரம் டைட்டில்களையும் வெட்டியிருப்பார்கள், அதனால் முழுப் பிரதி வேண்டும். கடைசியில் ரோமன் எண்ணில் வரும் ஆண்டு காப்புரிமை ஆண்டு. அது ஒளிபரப்பு ஆண்டாகத்தான் இருக்கும் என்பதில்லை. வரிசையாக வரும் எக்ஸ்களை எண்ணித் தவறியவர்களும் உண்டு.

டைட்டிலும் பொய் சொல்லும். 1955-ல் பிரிட்டனில் தொடங்கிய ராபின் ஹூட் தொடருக்கு ரிங் லார்ட்னர் ஜூனியர் போன்ற, கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் வேலை மறுக்கும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கிய எழுத்தாளர்கள் புனைபெயரில் எழுதினார்கள். அப்புறம் வந்த ஆய்வாளர்கள்தான் உண்மைப் பெயர்களை வெளியே கொண்டுவந்தார்கள். 'திரையில் உள்ள பெயர்', 'உண்மையில் எழுதியவர்' என்று உங்கள் பட்டியலில் இரண்டு நெடுவரிசை போடுங்கள். ஒன்றை அழித்து மற்றதை எழுதினால் அடுத்து படிப்பவருக்கு நீங்கள் செய்தது பிழையாகத் தெரியும்.

அதேபோல ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: நிரல், ஒளிபரப்புப் பதிவு, திரை, அல்லது வெறும் கையேடு. நேரம் குறைவாக இருந்தால் 'வெறும் கையேடு' என்று குறித்தவற்றை மட்டும் சரிபார்த்தால் போதும்.

பிழை உறுதியானால் பதிப்பாளருக்கு எழுதுங்கள். பதிப்பு ஆண்டு, பக்க எண், அச்சில் உள்ள வரி, அது எப்படி இருக்க வேண்டும், உங்கள் ஆதாரம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். உங்களிடம் இருப்பதுதான் கடைசிப் பதிப்பா என்பதை அனுப்பும் முன் பார்த்துவிடுங்கள். அடுத்த பதிப்பில் ஏற்கனவே திருத்தியிருக்கலாம்.