கிரீஸ் கூட்டியும் ஸ்பிண்டில் பேரிங் எரிகிறதே, ஏன்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சின்ன ஒர்க்‌ஷாப். பெல்ட்டில் ஓடும் வெர்டிகல் மில்லிங் மெஷின், ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) 8,000 ஆர்பிஎம், 70 மி.மீ. பேரிங். இங்கே கோடையான டிசம்பர் வெயிலில் சூடாகி எரிந்தது. புது பேரிங்கில் கிரீஸைக் கூட்டினேன், ஸ்பிண்டிலைக் குளிர்விக்கும் சில்லரை (chiller) 18 டிகிரிக்கு இறக்கினேன். அதுவும் போய்விட்டது.

பதில்: அந்த இரண்டையும் செய்ததால்தான் பெரும்பாலும் போயிருக்கும்.

வேகமாகச் சுற்றும் பேரிங்குக்கு உள்ளே இருக்கும் காலி இடத்தில் 25–30 சதவீதம் கிரீஸ் போதும். மீறினால் குண்டுகள் அதைக் கடைந்துகொண்டே இருக்கும், கடையக் கடையச் சூடு ஏறும். கிரீஸ் வகையைக் கலப்பதும் ஆபத்து. பாலியூரியாவும் லித்தியமும் பல சமயம் ஒத்துப்போகாமல் இளகி ஒழுகிவிடும்.

சில்லர் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. அது குளிர்விப்பது பேரிங் உட்கார்ந்திருக்கும் கூடான ஹவுசிங்கை, அதோடு ஒட்டியிருக்கும் வெளி வளையத்தை. உள் வளையம் ஷாஃப்டோடு ஒட்டிக்கொண்டு சூடாகவே இருக்கும். இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் வந்தால் 70 மி.மீ. விட்டத்தில் உள் வளையம் சுமார் 8 மைக்ரான் கூடுதலாக விரியும். ப்ரீலோடே (மாட்டும்போதே பேரிங்குக்குக் கொடுக்கும் இறுக்கம்) சில மைக்ரான் கணக்குதான். அது இறுகினால் உராய்வு, உராய்ந்தால் சூடு, சூட்டில் இன்னும் இறுக்கம். பேரிங் சிக்கும்வரை இந்தச் சுற்று நிற்காது. போதாததற்கு டர்பனின் புழுக்கம் வேறு. அறை 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் இரும்பெல்லாம் வியர்க்கும். 18 டிகிரியில் ஹவுசிங்குக்குள்ளேயே தண்ணீர் கோத்திருக்கும். அறை வெப்பத்தை ஒட்டியே வையுங்கள், 2 டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம்.

புது பேரிங் மாட்டியதும் நேராக 8,000க்குப் போகாதீர்கள். 1,000இல் தொடங்கி, ஆயிரம் ஆயிரமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ஹவுசிங் சூடு ஏறுவது நிற்கும்வரை ஓட்ட வேண்டும், அரை மணி நேரம்கூட ஆகலாம். 60 டிகிரி தாண்டினால் நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு படி கீழிருந்து மறுபடி. கிரீஸ் சமமாகப் பரவ இந்தப் பொறுமை தேவை. அப்புறம் தினமும் காலையில் 2,000, 4,000, 6,000 என்று 10–15 நிமிடம் சும்மா ஓட்டினால் போதும்.

பெல்ட்டை மேனுவலில் சொன்னதற்கு மேல் இறுக்க வேண்டாம். புல்லி பக்கத்து பேரிங் மட்டும் சூடானால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

லோட் ஷெட்டிங்கையும் (முறை வைத்து கரண்டை நிறுத்துவது) யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கரண்ட் போனால் கம்ப்ரஸரும் நிற்கும், கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விக்கும் திரவம்) உள்ளே புகாமல் ஸ்பிண்டில் மூக்கில் ஊதும் காற்றும் நிற்கும். சூடான ஸ்பிண்டில் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, மூக்கில் நிற்கும் கூலன்ட்டை இழுத்துக்கொள்ளும். நேரம் முன்கூட்டித் தெரிந்தால் 20 நிமிடம் முன்பே கூலன்ட்டை மூடி, காற்று ஊதும்போதே மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள்.

போன பேரிங்கைத் தூக்கி எறிந்துவிடாமல் பிரித்துப் பாருங்கள். பழுப்போ நீலமோ ஏறியிருந்தால் சூடு. குண்டு ஓடிய தடம் வழக்கத்தைவிட அகலமாக, சுற்றிலும் பளபளத்தால் ப்ரீலோடு இறுக்கம். குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாகத் துருப்புள்ளி இருந்தால் மெஷின் நின்றிருக்கும்போது தண்ணீர் இறங்கியிருக்கிறது.