ப்ராமிதியஸ் மெமரியைத் தின்றால் முதலில் லேபிள்களைப் பாருங்கள்

வணக்கம். 8 ஜிபி மெமரி உள்ள சர்வரில், கண்காணிப்பு அளவீடுகளைச் சேகரிக்கும் ப்ராமிதியஸ் மென்பொருள் மெமரி போதாமல் அடிக்கடி நின்றுவிடுகிறது, சேமிப்பு நாட்களை 15-லிருந்து 5 ஆகக் குறைத்தும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது டிஸ்க்குக்கான அமைப்பு. மெமரியை நிரப்புவது கடைசி 2, 3 மணி நேரத்தில் வந்த சீரிஸ்களின் எண்ணிக்கை. ஒரு மெட்ரிக்கோடு (அளவீட்டோடு) ஒட்டிய பெயர்-மதிப்புக் குறிப்புகள்தான் லேபிள்கள்; அவற்றின் மதிப்புகள் சேரும் ஒவ்வொரு தனிச் சேர்க்கையும் ஒரு சீரிஸ்.

ப்ராமிதியஸ் வலைப்பக்கத்தின் ஸ்டேட்டஸ் மெனுவில் டிஎஸ்டிபி (அளவீடுகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) ஸ்டேட்டஸைத் திறங்கள். அதிக மதிப்புகள் கொண்ட 10 லேபிள்கள் அங்கே வரிசையாக இருக்கும். யூசர் ஐடி, முழு யூஆர்எல் மாதிரி ஏதாவது உச்சியில் நின்றால் அதுதான் காரணம். 5 மெத்தட் (GET, POST மாதிரி), 20,000 யூசர் என்றால் ஒரே மெட்ரிக் 1,00,000 சீரிஸ் வரை போகும். மதிப்புகளை வரம்பு வாரியாக பக்கெட்டுகளில் எண்ணும் ஹிஸ்டோகிராம் என்றால் பக்கெட்டுக்கு பக்கெட் இன்னும் பெருகும்.

அவசரத்துக்கு கான்ஃபிக் ஃபைலின் மெட்ரிக் ரீலேபிள் பகுதியில் அந்த மெட்ரிக்கையே டிராப் செய்யுங்கள். தயவுசெய்து லேபிளை மட்டும் நீக்காதீர்கள். தனித்தனி சீரிஸ்கள் ஒன்றோடொன்று மோதி, லாக்கில் டூப்ளிகேட் எச்சரிக்கை வரும், கணக்கும் தப்பாகும். நிரந்தரத் தீர்வு, ஆப்பின் கோடிலிருந்தே அந்த லேபிளை எடுப்பதுதான். அந்த ஆப்பிலிருந்து அளவீடு எடுக்கும் ஜாபுக்கு சாம்பிள் லிமிட்டும் (ஒரு முறை எடுக்கும் அளவீடுகளுக்கு உச்சவரம்பு) போட்டுவையுங்கள். மீறினால் அந்த ஸ்க்ரேப் (அளவீடு எடுக்கும் அந்த ஒரு முறை) மொத்தமும் தோற்கும், ஆனால் சர்வர் பிழைக்கும்.

மாற்றியதும் மெமரி இறங்காது. மெமரியில் இருக்கும் புதிய தரவான ஹெட் பிளாக் டிஸ்க்குக்குப் போகச் சுமார் 3 மணி நேரம் ஆகும், பொறுங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் டிஸ்க்கில் எழுதிவைத்த பழைய பதிவை மறுபடி படித்து மெமரியில் ஏற்றிக்கொள்ளும்.