அவசர வழிப் படிக்கட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று தளங்கள் மட்டுமே உள்ள வணிகக் கட்டடங்களைப் பற்றியவை. கீழே கடை, மேலே அலுவலகம், அதற்கும் மேலே பயிற்சி வகுப்பு என்று அமைந்தவை. இத்தகைய கட்டடங்களில் எல்லா அறைகளுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் மூலையில்தான் படிக்கட்டைத் திணிக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பார்த்தும் இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தீப்பிடித்தால் மேல்மாடியில் இருப்பவருக்குத் தெருவரை வந்து சேர அந்தப் படிக்கட்டைவிட்டால் வேறு வழி கிடையாது.

பல நாடுகள் முன்மாதிரியாகக் கொள்ளும் ‘இன்டர்நேஷனல் பில்டிங் கோடு’ என்ற கட்டட விதித்தொகுப்பு தரும் அளவுகளையே பதில்களில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கூடுதலாகக் கேட்கும் சில இடங்களையும் சொல்லியிருக்கிறேன். கட்டட அனுமதி தரும் அலுவலகத்தின் விதி வேறாக இருந்தால் அதுவே செல்லும்.

கேள்வி: தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு மாடியும் கட்டுகிறேன். மாடி 3,000 சதுர அடி. ஒரு படிக்கட்டு போதும் என்கிறார் வரைபடம் போட்டவர். இரண்டு வேண்டும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

மாடியில் என்ன நடக்கப்போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. விடை அதில்தான் இருக்கிறது. எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைத்தான் விதி முதலில் கணக்கிடுகிறது. அலுவலகம் என்றால் 150 சதுர அடிக்கு ஒருவர், ஆக 20 பேர். அதே இடம் கடை என்றால் 60 சதுர அடிக்கு ஒருவர், ஆக 50 பேர். நாற்காலி மேசை போட்ட சாப்பாட்டுக் கூடம் என்றால் 15 சதுர அடிக்கு ஒருவர். 900 சதுர அடிக் கூடத்திலேயே 60 பேர் ஆகிவிடுகிறார்கள்.

முதல் மாடியில் அலுவலகமோ கடையோ இருந்து, ஆட்கணக்கு 29ஐத் தாண்டாமல், எந்த மூலையிலிருந்தும் வெளியேறும் வாயிலுக்கு நடக்கும் தூரம் 75 அடிக்குள் இருந்தால் ஒரே வழி போதும். அலுவலகத்தை மனத்தில் வைத்திருந்தால் உங்கள் வரைபடக்காரர் சொல்வது சரி. கடையை மனத்தில் வைத்திருந்தால் உங்கள் நண்பர் சொல்வது சரி. இரண்டாம் மாடிக்குப் போய்விட்டால் அலுவலகமானாலும் கடையானாலும் இந்தச் சலுகை கிடையாது. இரண்டு வழிகள் வேண்டும்.

உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்னொன்று. இன்று அலுவலகத்துக்கு வாடகைக்கு விடும் மாடியை ஐந்து வருடம் கழித்து வேறொருவர் துணிக்கடைக்குக் கேட்பார். அப்போது ஒரு சுவரும் மாறியிருக்காது, ஆட்கணக்கு மட்டும் இரண்டரை மடங்காகியிருக்கும். இரண்டாவது படிக்கட்டுக்கான இடத்தை இப்போதே விட்டு வையுங்கள். தளத்தில் கான்கிரீட் போட்டபின் அதை உடைத்துப் படிக்கட்டு செருகுவது எவ்வளவு துன்பமான வேலை என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: விதிப்படி இரண்டு படிக்கட்டுகள் வைத்துவிட்டோம். லிஃப்டின் இருபுறமும் ஒவ்வொன்று. இது ஏன் நிராகரிக்கப்பட்டது?

இரண்டும் ஒரே புகையில் அடைபடும் என்பதால். தளத்தின் மிக நீண்ட மூலைவிட்டத்தை அளந்து, அதில் பாதிக்குக் குறையாத இடைவெளி இரண்டு வாயில்களுக்கும் நடுவே இருக்க வேண்டும். 40 அடிக்கு 30 அடி தளம் என்றால் மூலைவிட்டம் 50 அடி, இடைவெளி 25 அடி. கட்டடம் முழுவதும் தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒரு தீ இரண்டு வழிகளையும் ஒருசேர மறித்துவிடக்கூடாது என்பதுதான் இந்தக் கணக்கின் நோக்கம்.

கேள்வி: லிஃப்டை ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்கலாமா?

உங்களுடையதைப் போன்ற சாதாரண லிஃப்டைச் சேர்க்க முடியாது.

கேள்வி: புதிய கட்டடம், கிரானைட் பதித்த படிக்கட்டு. வருகிறவர்கள் எல்லாரும் முதல் படியிலோ கடைசிப் படியிலோ தடுமாறுகிறார்கள். கொத்தனார், “எல்லாப் படியும் ஒரே அளவுதான் சார், நானே அளந்து போட்டேன்” என்று சத்தியம் செய்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. கான்கிரீட் போட்ட அன்று எல்லாப் படிகளும் ஒரே அளவில்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஒவ்வொரு படியும் 165 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். படிகளின் மேல் கலவையும் கிரானைட்டுமாக 30 மி.மீ. ஏறுகிறது. கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் டைல்ஸ் மட்டம் சரிசெய்ய 60 மி.மீ. ஏறுகிறது. நடுவில் உள்ள படிகளுக்கு மாற்றமில்லை. முதல் படி 165உடன் 30ஐக் கூட்டி 60ஐக் கழிக்க 135 ஆகிறது. கடைசிப் படி 165உடன் 60ஐக் கூட்டி 30ஐக் கழிக்க 195 ஆகிறது. ஒரே படிவரிசையில் 60 மி.மீ. வேறுபாடு! விதி அனுமதிப்பது 9.5 மி.மீ. மட்டுமே. அதாவது சுண்டுவிரல் நகத்தின் அகலம்.

ஏன் இத்தனை கறார் என்றால், இரண்டு படிகள் இறங்கியதுமே கால் அந்த உயரத்தைப் பழகிக்கொள்கிறது. அதன்பிறகு கண் படியைப் பார்ப்பதில்லை. இருட்டிலும் கூட்டத்திலும் அந்தப் பழக்கத்தை நம்பித்தான் மனிதர்கள் இறங்குகிறார்கள். அதனால் ஒருவர் தடுமாறினால் பின்னால் வருபவர்கள் அவர்மேல் விழுவார்கள்.

படி உயரம் 4 அங்குலத்துக்குக் குறையாமல் 7 அங்குலத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். மிதிக்கும் இடம் குறைந்தது 11 அங்குலம். இந்திய விதித்தொகுப்பு வணிகக் கட்டடங்களுக்கு 150 மி.மீ. உயரத்தையும் 300 மி.மீ. மிதியையும் கேட்கிறது. இரண்டு படி உயரத்தோடு ஒரு மிதியைக் கூட்டினால் நடக்கும்போது வைக்கும் ஓர் எட்டின் நீளத்துக்குச் சமமாக வரவேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளோந்தெல் எழுதிவைத்தார். மேலே சொன்ன இரண்டு விதிகளின் அளவுகளையும் இப்படிக் கூட்டிப் பாருங்கள்: 635, 600 மி.மீ. இன்றைக்கும் அதே எட்டுதான்.

உங்கள் படிக்கட்டுக்குத் தீர்வு, இரண்டு முனைகளிலும் தரை டைல்ஸைப் பெயர்த்து மட்டத்தைச் சரிசெய்வது அல்லது படிகளின் மேல் பூச்சை மாற்றிப் போடுவது. இனிக் கட்டப்போகிறவர்கள், எந்தத் தரைக்கு எவ்வளவு தடிமன் என்பதை முடிவு செய்யாமல் படிக்கு முட்டுப்பலகை அடிக்க விடாதீர்கள்.

கேள்வி: படிக்கட்டின் அகலத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது?

பூச்சும் டைல்ஸும் முடிந்தபின், சுவரிலிருந்து எதிர்ப்பக்கத் தடுப்பு வரையுள்ள வெற்றிடத்தை அளக்க வேண்டும். அந்த மாடியின் ஆட்கணக்கு 50க்குக் குறைவு என்றால் 36 அங்குலம், 50 அல்லது அதற்கு மேல் என்றால் 44 அங்குலம். இந்திய விதித்தொகுப்பில் அலுவலகத்துக்கும் கடைக்கும் ஒன்றரை மீட்டர். கைப்பிடி ஒவ்வொரு பக்கமும் நாலரை அங்குலம் வரை உள்ளே வரலாம். சுவரில் மாட்டிய விளம்பரப் பலகைக்கோ, செருப்பு அலமாரிக்கோ அந்தச் சலுகை இல்லை.

கேள்வி: சுவர் இருக்கும் பக்கத்திலும் கைப்பிடி வேண்டுமா?

வேண்டும். இரண்டு பக்கமும், படி முனையிலிருந்து 34 முதல் 38 அங்குல உயரத்தில், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் விட்டு. மேல் முனையில் கடைசிப் படியைத் தாண்டி 12 அங்குலம் கிடைமட்டமாக நீள வேண்டும். பலர் அழகு கருதி இதை வெட்டிவிடுகிறார்கள். புகையில் கண் தெரியாதபோது படி எங்கே தொடங்குகிறது என்பதைக் கைதான் சொல்லும். அந்த 12 அங்குலம் அதற்காகத்தான்.

கேள்வி: பின்பக்கம் இரும்புச் சுழல் படிக்கட்டு வைத்தால் இரண்டாவது வழியாக ஏற்பார்களா?

250 சதுர அடிக்கு மேற்படாத, ஐந்து பேருக்கு மேல் இல்லாத இடத்துக்கு என்றால் ஏற்பார்கள். அதைவிடப் பெரிய மாடிக்கு ஏற்க மாட்டார்கள். சுழல் படியில் உட்பக்கம் மிதிக்க இடமே இருக்காது. ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். முதியவர் ஒருவர் நடுவில் நின்றால் அனைவரும் நிற்க வேண்டியதுதான். பின்பக்கத்தில் நேரான திறந்தவெளிப் படிக்கட்டுக்கு வாய்ப்பிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது ஒரு பக்கம் காற்றோட்டமாகத் திறந்திருக்க வேண்டும், மனை எல்லையிலிருந்து 10 அடி தள்ளி இருக்க வேண்டும்.

கேள்வி: படிக்கட்டின் கதவு தானாக மூடிக்கொள்வது ஊழியர்களுக்குத் தொல்லையாக இருக்கிறது. பகலில் திறந்தே வைக்கலாமா?

ஒருமுறை மூன்று தளக் கட்டடம் ஒன்றைப் பார்வையிடப் போயிருந்தேன். தீ தாங்கும் கதவு, நல்ல தரம், சான்றிதழும் இருந்தது. அந்தக் கதவு மூடாதபடி முட்டுக்கொடுத்து நின்றது சிவப்புநிறத் தீயணைப்பு உருளை. உருளையின் அடிப்பாகம் உரசி உரசி டைல்ஸில் அரைவட்டமாகத் துருக்கறை படிந்திருந்தது. எத்தனை மாதங்களாக அங்கேயே இருந்ததோ. அன்று நான் எழுதிய அறிக்கையில் முதல் வரி அந்தக் கறைதான்.

நான்குக்கும் குறைவான தளங்களை இணைக்கும் மூடிய அவசர வழிப் படிக்கட்டைச் சுற்றி 1 மணி நேரம் தீ தாங்கும் சுவர் கேட்கிறது விதி. நான்கும் அதற்கு மேலும் என்றால் 2 மணி நேரம். கதவு திறந்திருந்தால் அந்தச் சுவர் இருந்தும் பயனில்லை. சூடான புகை மேலே ஏறும்; திறந்த படிக்கட்டு அதற்குப் புகைபோக்கியாகிவிடும். தீ கீழ்த்தளத்தில் இருக்கும்போதே மேல்மாடியில் இருப்பவர்களுக்கு வழி அடைபட்டுவிடும்.

ஊழியர்களின் தொல்லை உண்மையானது, அதைத் தள்ளிவிடவில்லை. கதவைத் திறந்தபடியே பிடித்துவைக்கும் மின்காந்தப் பிடிப்பான் கிடைக்கிறது. புகை உணரி வேலை செய்த கணமே அது விட்டுவிடும், கதவு மூடிக்கொள்ளும். அதைப் பொருத்துங்கள்.

கதவைப் பற்றி இன்னும் இரண்டு. 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். முழுக்கத் திறந்த கதவு படிக்கட்டு மேடைக்குள் 7 அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

கேள்வி: படிக்கட்டின் அடியில் மின் மீட்டர் பலகை இருக்கிறது. அட்டைப்பெட்டிகளும் வைக்கிறோம். குறை சொல்கிறார்கள்.

சரியாகத்தான் சொல்கிறார்கள். தீப்பற்ற வாய்ப்புள்ள பொருளையும், எரிவதற்கான அட்டையையும், தப்பிக்கும் ஒரே வழியின் அடியில் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். பெட்டிகளை இன்றே எடுத்துவிடுங்கள். மீட்டரை வெளிச்சுவருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். படிக்கட்டுக் கூண்டுக்குள் படிக்கட்டுக்குத் தேவையான விளக்கு போன்றவற்றின் கம்பிகளையும் தீயணைப்புக் குழாய்களையும் தவிர வேறு கட்டடக் கம்பிகளோ குழாய்களோ போகக்கூடாது.

கேள்வி: அவசர விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும்?

மின்சாரம் நின்றபின் 90 நிமிடம். இரவில் முதன்மை மின்விசையை நிறுத்திவிட்டு, மேல்மாடியிலிருந்து தெருவரை ஒருமுறை இறங்கிப் பாருங்கள். எந்தத் திருப்பத்தில் படி தெரியவில்லையோ அங்கே ஒரு விளக்கு குறைகிறது.

கேள்வி: இரவு கடையை மூடும்போது படிக்கட்டின் கீழ்வாயில் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுகிறோம். மாடியில் கணக்கு எழுதுபவர்கள் சில நாள் இருப்பார்கள். அவர்களிடம் சாவி இருக்கிறது. போதாதா?

போதாது. இதைப் படித்ததும் மனம் பதறியது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது ஒன்பதாவது தளத்தின் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டும் பாரம் தாங்காமல் சரிந்தது. 146 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழிகளுக்கென்று தனி விதிகள் எழுதும் குழு 1913இல் அமெரிக்காவில் அமைந்தது அதற்குப் பின்னர்தான்.

வழியில் உள்ள கதவு உள்ளிருந்து சாவியின்றி, ஒரே அசைவில் திறக்க வேண்டும். கடை, அலுவலகத்தின் முதன்மை வாயிலுக்கு மட்டும் சாவிப்பூட்டு அனுமதி உண்டு. அதற்கும், உள்ளே ஆள் இருக்கும்வரை இது பூட்டப்படக்கூடாது என்ற அறிவிப்பு கதவருகே இருக்க வேண்டும். உங்கள் கணக்கர் மேலே இருக்கும் இரவுகளில் ஷட்டரை இறக்காதீர்கள். பாதுகாப்புக்கு வேண்டுமானால் உள்ளிருந்து அழுத்தினாலே திறக்கும் குறுக்குக் கம்பிக் கதவை ஷட்டருக்கு உட்புறம் பொருத்தி, அதை மட்டும் மூடுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்துக் கட்டடம். படிக்கட்டு 30 அங்குலம்தான். இடிக்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

புதிய கட்டடத்துக்கான அளவை எட்ட முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, குறைக்கக்கூடிய ஆபத்தைக் குறைப்போம். மாடிக்குக் கூட்டம் வராத பயன்பாட்டைக் கொடுங்கள். பொதுமக்கள் வரும் கடையைக் கீழே வையுங்கள், மாடியில் நாலைந்து பேர் வேலை செய்யும் அறை இருக்கட்டும். சரக்கு மேலே தேங்க வேண்டாம். கீழே புகை எழுந்ததும் மேலேயும் ஒலிக்கும்படி இணைக்கப்பட்ட புகை உணரிகளை மாட்டுங்கள். படிக்கட்டு குறுகலானால் முன்கூட்டிக் கிளம்புவதுதான் ஒரே கையிருப்பு. படி முனைகளில் வேறு நிறப் பட்டை அடியுங்கள். பின்பக்க மனையில் வெளிப்புறப் படிக்கட்டுக்கு இடமிருக்கிறதா என்று ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் வருவதற்கு முன் அளவு நாடாவோடு மேலிருந்து கீழ்வரை நீங்களே இறங்கி, மிகக் குறுகலான இடம் எது என்று குறித்து வையுங்கள். அந்த 30 அங்குலம் எந்த இடத்தில் 26 ஆகிறது என்று தெரிந்தால், வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.