கொரியன் சீரியலும் பத்து லட்ச ரூபாய் காலேஜ் சீட்டும்

மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று என்னிடம் கேட்கப் போன வாரம் வாலாஜாபாத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அம்மாவின் மஞ்சள் பையில் மகளுடைய பிளஸ் டூ மார்க் ஷீட். பேசியதென்னவோ கூடவே வந்த சித்தப்பாதான். "மூணு வருஷமா ராத்திரி ஒரு மணி வரைக்கும் கொரியன் சீரியல் சார். பாட்டும் அதே கர்மம்தான். நோட்டு நோட்டா வட்டமும் கோடுமா என்னவோ எழுதி வைக்கிறா. மந்திரிச்சுப் பாக்கலாமான்னு அண்ணி கேக்கிறாங்க."

"பயப்பட ஒன்றுமில்லை, இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும்..." என்று வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். அதற்குள் அப்பா விஷயத்தை உடைத்தார். ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா. ஆண்டுக் கட்டணம் போகப் பத்து லட்சம் 'தனியாக'. ரசீது கிடையாது. ரோட்டோரத்து மனையை விற்கப் போகிறாராம். மகளுக்குக் கணக்கில் 58 மதிப்பெண்.

அதோடு என் ஆறுதல் முடிந்தது. ரசீதில்லாமல் கேட்கும் அந்தப் பணத்துக்குக் கேபிடேஷன் ஃபீ என்று பெயர். அதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. சரி, சட்டத்தை விடுங்கள். "கோடிங் எனக்கு வராது சார்" என்று வாய்விட்டுச் சொல்கிற பிள்ளை நாலு வருடம் அரியரோடு மல்லுக்கட்டுவதற்காக ஒரு மனையை விற்பதா? சித்தப்பாவின் மகன் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறானாம். இருக்கட்டும், அது அவன் ஜாதகம். "பாதிப் பணம் நீங்க போடுறீங்களா?" என்று சித்தப்பாவிடமே கேட்டேன். அவருக்கு உடனே ஒரு போன் வந்துவிட்டது, எழுந்து வெளியே போனார்.

சி.ஏ., பேங்க் பரீட்சை, டீச்சர் டிரெயினிங் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அந்த நோட்டைக் கேட்டேன்.

காதில் விழுந்த வசனங்களைக் கொரிய எழுத்தான ஹங்குலில் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதியிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கொரிய உதிரிபாக கம்பெனியில் என் பழைய மாணவன் ஒருவன் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறான். அவனைப் போனில் பிடித்து அவளிடம் பத்து நிமிடம் கொரியனில் பேசச் சொன்னேன். முடிந்ததும் சொன்னான்: "காது நல்லா இருக்கு சார். ஆனா என்னை வா, போன்னு பேசுது. எங்க புஜாங்கிட்ட இப்படிப் பேசினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." புஜாங் என்றால் துறைத் தலைவர்.

மூன்று வருட சீரியல் தந்ததும் தராததும் அந்த ஒரு பதிலிலேயே இருக்கிறது. சீரியலில் காதலர்களும் நண்பர்களும்தான் அதிகம் பேசுகிறார்கள். அவர்கள் பேசுவது 'பன்மல்', அதாவது நம் நீ, வா, போ. அலுவலகத்தில் வேண்டியது 'ஜோன்தேமல்' என்கிற மரியாதைப் பேச்சு. அங்கே பதவியோடு 'நிம்' சேர்த்து, புஜாங்நிம், குவாஜாங்நிம் என்றுதான் மேலதிகாரியை அழைக்க வேண்டும். வாங்க, போங்க என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு இது புது உலகம் அல்ல, பழக்கம்தான் வேண்டும்.

வேறு சில சௌகரியங்களும் தமிழ்ப் பிள்ளைக்கு உண்டு. கொரியனிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு மாதிரியான ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும். இறைச்சிக்கு 'கோகி' என்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துதான். முதலில் வரும்போது வல்லோசை, நடுவில் வரும்போது மெல்ல ஒலிக்கும். கடலில் உள்ள 'க'வும் அகத்தில் உள்ள 'க'வும் போல. 'குக்முல்' என்று எழுதியிருப்பதை 'குங்முல்' என்று சொல்வார்கள். நல்+மை நன்மை ஆகிறதல்லவா, அந்த வகை. (அங்கேயும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு இரண்டும் ஒரே மொழி என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.)

இடறுகிற இடமும் இருக்கிறது. நிலா, மகள், முகமூடி இந்த மூன்றையும் தமிழில் எழுதினால் 'தல்' என்றுதான் எழுத முடியும். கொரியனில் மூன்றுக்கும் மூன்று எழுத்து, மூன்று ஒலி: ஒன்று இயல்பாக, ஒன்று தொண்டையை இறுக்கி, ஒன்று மூச்சைத் தள்ளி. இந்த வித்தியாசம் புத்தகத்தில் கிடைக்காது. ஆயிரம் மணி நேரம் கேட்ட காதுக்குத்தான் கிடைக்கும். அப்பா அம்மாவிடம் சொன்னேன்: உங்கள் மகளுக்கு அது கிடைத்திருக்கிறது. நீங்கள் அதைத்தான் மந்திரிக்கப் பார்த்தீர்கள்.

இனி பார்க்கிற விதத்தை மாற்ற வேண்டும். இதை அவளிடமே சொன்னேன். ராஜா காலத்துக் கதைகளை ஓரம் கட்டு. அந்தப் பேச்சை இன்று எந்த அலுவலகத்திலும் பேசுவதில்லை. அலுவலகக் கதை, சமையல் நிகழ்ச்சி, செய்தி பார். மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதையே பார். முதல் நாள் உனக்குப் புரிகிற மொழி சப்டைட்டில், அடுத்து கொரியன் சப்டைட்டில், அப்புறம் எதுவும் இல்லாமல். பிறகு நடிகர் பேசப் பேச அரை நொடி பின்னாலேயே நீயும் பேசி, அதைப் போனில் பதிவு செய்து கேள். பாட்டு உச்சரிப்புக்கு நல்லது, சொற்கள் மனதில் தங்கும். இலக்கணத்துக்குப் பாட்டை நம்பாதே. நம் சினிமாப் பாட்டை வைத்து யாராவது தமிழ் வாக்கியம் அமைக்கக் கற்றால் எப்படி இருக்கும்?

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஹூண்டாய் 1996-ல் இங்கே வந்தது, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார் வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து கொரிய உதிரிபாக கம்பெனிகள் வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் இருக்கிறது. உங்கள் கடை வாசலிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம். இங்கே மொழி தெரிந்தவருக்கு என்ன வேலை? காலைக் கூட்டத்தில் கொரிய இன்ஜினியர் கத்துவதைக் கத்தாமல் தமிழில் சொல்ல வேண்டும். லைனில் வந்த 'புல்லியாங்', அதாவது பழுதான பாகம், ஏன் வந்தது என்று நம் ஆட்கள் சொல்லும் காரணத்தைக் கொரியனில் சொல்ல வேண்டும். 'நப்கி' என்கிற டெலிவரி தேதி தள்ளிப்போனால் தலைமையகத்துக்கு மெயில் எழுத வேண்டும். இந்தச் சொற்கள் எந்தக் காதல் கதையிலும் வராது. எண்களும் அப்படித்தான். கொரியர்களுக்கு இரண்டு எண் வரிசை: மணியை ஒன்றில் சொல்வார்கள், நிமிடத்தை இன்னொன்றில். பெரிய தொகையைப் பத்தாயிரம் பத்தாயிரமாக, 'மான்' கணக்கில் எண்ணுவார்கள். பத்து மான் நம் ஒரு லட்சம், நூறு மான் பத்து லட்சம். பேச்சுவாக்கில் ஒரு சைபர் தவறினால் ஆர்டரே தவறிவிடும்.

மொழிபெயர்ப்பு வேலை மட்டும் என்று நான் சொல்லவில்லை. போனிலேயே மொழிபெயர்க்கிற காலம் இது. வெறும் மொழியை நம்பி உட்காரக் கூடாது. கணக்கு வழக்கு, கொள்முதல், ஷிப்பிங் தெரிந்து, கூடவே கொரியனும் தெரிந்த ஆள் வேறு ரகம். அதனால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.காம்., வார இறுதியில் கொரிய வகுப்பு. சென்னையில் இன்கோ சென்டர் என்கிற இந்திய-கொரிய கலாசார மையம் 2006-லிருந்து இருக்கிறது, கொரியன் சொல்லித் தருகிறார்கள்.

அளவுகோல், கொரிய மொழித் திறனைச் சோதிக்கிற டோபிக் தேர்வு. சென்னையிலேயே எழுதலாம். முதல் தாளில் கேட்பதும் வாசிப்பதும் மட்டும், 200-க்கு 140 எடுத்தால் இரண்டாம் நிலை. அடுத்த தாளில் எழுத்தும் சேரும், 300-க்கு. 120 எடுத்தால் மூன்றாம் நிலை, 150-க்கு நான்காம் நிலை. கல்லூரி முடிக்கும்போது நான்காம் நிலை கையில் இருக்க வேண்டும். சான்றிதழ் இரண்டு ஆண்டுதான் செல்லும், அதனால் அவசரப்பட்டு மேல்நிலைத் தேர்வை இப்போதே எழுத வேண்டாம். முதல் தாளை மட்டும் இந்த வருடமே எழுதட்டும். அதில் தேறவில்லை என்றால் என்னிடம் திரும்பி வாருங்கள், வேறு பேசுவோம். நஷ்டம் தேர்வுக் கட்டணத்தோடு நிற்கும், மனை மனையாகவே இருக்கும்.

கொரியாவுக்கே அனுப்புகிறேன் என்று ஏஜென்ட் வருவார். மொழிப் படிப்புக்கான டி-4 விசாவில் முதல் ஆறு மாதம் பகுதிநேர வேலைக்கு அனுமதி கிடையாது. "அங்கே போய் சம்பாதித்துக் கட்டிக்கலாம்" என்பார், நம்பாதீர்கள். கடன் வாங்கி அனுப்புவதாக இருந்தால் என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். போக ஆசை இருந்தால் கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகைக்கு முயலட்டும். ஒரு வருடம் மொழி சொல்லிக் கொடுத்துப் பிறகு பட்டப்படிப்பு. அந்த ஒரு வருடத்தில் டோபிக் மூன்றாம் நிலை தேற வேண்டும்.

கிளம்பும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: "வகுப்புக்குப் போக வர பஸ் காசு?" அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண். கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அதைக் கடை வரவில் சேர்த்துவிடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன்.